‘போனேன் இல்லை’ என்று யாராவது சொல்வோமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் மாணவர் இணைப்பில் மூன்று வாரமாக ஆங்கில டென்ஸ் (வினையின் காலம்) பாடம் வருகிறது. போன வாரம் அரைப் பக்கத்துக்குப் பன்னிரண்டு கட்டம் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு ஆங்கில வாக்கியமும் அதற்குக் கீழே தமிழும் கொடுத்திருந்தீர்கள். எங்கள் வீட்டுத் திண்ணையில் சாயங்காலம் படிக்க வரும் பிள்ளைகளில் இரண்டு பேர் அதை வெட்டி நோட்டில் ஒட்டிக்கொண்டு வந்தார்கள். பிள்ளைகள் உங்களை நம்பி ஒட்டிக்கொள்கிறார்கள் என்பதால்தான் இந்தக் கடிதம். முதல் கட்டத்திலேயே ஒரு தப்பு இருக்கிறது. அச்சுப்பிழை இல்லை. நான் படித்த காலத்துக் கைடிலும் இருந்தது, இன்று என்னிடம் வரும் பிள்ளைகள் வைத்திருக்கும் கைடிலும் இருக்கிறது.

சிம்பிள் பிரசென்ட் என்ற கட்டத்தில் ‘ஐ கோ’ என்று போட்டு ‘நான் போகிறேன்’ என்று தமிழ் கொடுத்திருக்கிறீர்கள். இதைப் படித்த ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் இரவு எட்டரைக்குப் பையைத் தூக்கிக்கொண்டு ‘டீச்சர், ஐ கோ’ என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினான். அவன் மேல் என்ன குற்றம்? ‘போகிறேன்’ என்றால் ‘ஐ கோ’ என்று நாம்தானே அச்சடித்துக் கொடுத்தோம். ஆனால் ஆங்கிலத்தில் ‘ஐ கோ’ என்பது இந்த நிமிஷம் கிளம்புவதைச் சொல்லாது, வழக்கத்தைச் சொல்லும். ‘ஐ கோ டு ஸ்கூல் பை பஸ்’ என்றால் ‘நான் பள்ளிக்கூடத்துக்கு பஸ்ஸில்தான் போவேன்’ என்று அர்த்தம். போவேன்! வடிவத்தில் எதிர்காலம், சொல்வது வழக்கத்தை. ‘தினமும் பஸ்ஸில் போகிறேன்’ என்றும் நாம் சொல்வதுண்டு, தினமும் என்ற சொல் கூட இருப்பதால் அது சரியாகவே நிற்கிறது. தனியாக ‘போகிறேன்’ என்று சொன்னால் கேட்பவர் ‘எங்கே?’ என்றுதான் கேட்பார்.

தமிழில் வழக்கத்தையும் பொதுவான உண்மையையும் இந்த எதிர்கால வடிவத்தில்தான் பெரும்பாலும் சொல்கிறோம். சூரியன் கிழக்கே உதிக்கும். மாடு புல் தின்னும். தண்ணீர் நூறு டிகிரியில் கொதிக்கும். எங்கள் தாத்தா விடியற்காலை நாலு மணிக்கே எழுந்துவிடுவார். கடைசி வாக்கியத்தில் தாத்தா இறந்துபோனவராகக்கூட இருக்கலாம், அப்போதும் ‘எழுந்துவிடுவார்’ என்றே சொல்வோம். ஆங்கிலம் இந்த வேலையை சிம்பிள் பிரசென்ட்டிடம் கொடுத்திருக்கிறது, தாத்தா போன்ற பழைய வழக்கங்களுக்கு ‘யூஸ்டு டு’ வைத்திருக்கிறது. இந்த ஒரு விஷயத்தை யாரும் சொல்லித் தராததால் எத்தனை பிள்ளைகள் தடுக்கி விழுகிறார்கள் தெரியுமா.

ஒரு சம்பவம் சொல்கிறேன். என்னிடம் படித்த பெண் ஒருத்தி, நர்சிங் முடித்தவள், வேலைக்கு நேர்காணல் போனாள். ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்வீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறார்கள். அவள் மனதில் தமிழ் சரியாக ஓடியிருக்கிறது: அம்மாவுக்கு உதவி செய்வேன், தம்பிக்குப் பாடம் சொல்லித் தருவேன். அதை அப்படியே ‘ஐ வில் ஹெல்ப் மை மதர், ஐ வில் டீச் மை பிரதர்’ என்று சொல்லியிருக்கிறாள். எதிரே இருந்தவர் ‘வருகிற ஞாயிற்றுக்கிழமையா?’ என்று கேட்டாராம். எங்கே தப்பு என்று அவளுக்குப் புரியவில்லை. அதற்கு மேல் வாய் வரவில்லை. வேலையும் கிடைக்கவில்லை. அழுதுகொண்டே வந்து என்னிடம் சொன்னபோது எனக்கு அவள் மேல் கோபமே வரவில்லை, அவளுக்கு ஏழெட்டு வருஷம் ஆங்கில இலக்கணம் நடத்திய எங்கள் எல்லோர் மேலும்தான் வந்தது. பன்னிரண்டு கட்டமும் அவளுக்கு மனப்பாடம். நடு ராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பாள். ‘செய்வேன்’ என்பது எல்லா நேரமும் ‘வில்’ ஆகாது என்ற ஒரு வரி மட்டும் அவளிடம் இல்லை.

இதே சங்கதி எதிர்மறையிலும் வரும். ‘நான் கறி சாப்பிடமாட்டேன்’ என்பதை ‘ஐ வில் நாட் ஈட் மீட்’ என்று சொன்னால் ஏதோ சபதம் எடுத்தது போலக் கேட்கும். ‘ஐ டோன்ட் ஈட் மீட்’ என்பதுதான் அது.

நான் தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இலக்கணத்தில் பட்டம் வாங்கியவள் இல்லை. பிள்ளைகளின் நோட்டைத் திருத்தித் திருத்தித்தான் இதெல்லாம் எனக்கே பிடிபட்டது. அதில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்று: நம் பிள்ளைகளுக்கு டென்ஸ் என்பது புதுச் சரக்கே கிடையாது. காலம் மூன்று என்று தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. அந்தக் காலத்துக்குள் ஒரு செயல் முடிந்ததா, நடந்துகொண்டிருக்கிறதா, நடந்து அதன் தடம் மட்டும் நிற்கிறதா என்பதையெல்லாம் நாம் நாலு வயசிலிருந்தே தப்பில்லாமல் சொல்லிக்கொண்டிருக்கிறோம். இந்தக் கடிதத்தில் நான் எழுதியிருக்கும் வினைகளையே பாருங்கள். அந்த அறிவைத் தொடாமல், ஒன்றுமே தெரியாதவர்களிடம் பேசுவது போல ‘வி ஒன், வி டூ, வி த்ரீ’ (கோ, வென்ட், கான் போல வினையின் மூன்று வடிவங்கள்) என்று ஆரம்பிப்பதுதான் எனக்கு ஆறவில்லை.

கன்டினியூவஸை எடுத்துக்கொள்ளுங்கள். போய்க்கொண்டிருக்கிறேன், போய்க்கொண்டிருந்தேன், போய்க்கொண்டிருப்பேன். மூன்றிலும் ‘போய்க்கொண்டு’ அசையவே இல்லை. பின்னால் இருக்கிற ‘இரு’தான் இருக்கிறேன், இருந்தேன், இருப்பேன் என்று மாறுகிறது. ஆங்கிலத்துக்கு வாருங்கள்: ஆம் கோயிங், வாஸ் கோயிங், வில் பி கோயிங். ‘கோயிங்’ அசையவில்லை. ஆம், வாஸ், வில் பி என்று மாறுகிறதே, அது யார்? நம்ம ‘இரு’தான். நாம் பின்னால் ஒட்டுகிறோம், அவர்கள் முன்னால் வைக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

பெர்ஃபெக்டும் இப்படியேதான். போயிருக்கிறேன், போயிருந்தேன், போயிருப்பேன். ஹேவ் கான், ஹேட் கான், வில் ஹேவ் கான். இங்கே நாம் மறுபடியும் ‘இரு’வைப் போட்டோம், அவர்கள் ‘ஹேவ்’ போட்டார்கள். பெரிய வகுப்புப் பிள்ளைகளைக்கூட மிரட்டுகிற பிரசென்ட் பெர்ஃபெக்டை நான் இப்போது ஒரே வாக்கியத்தில் சொல்லித் தருகிறேன். காலையில் கதவைத் திறக்கிறோம், வாசல் நனைந்து கிடக்கிறது, வானம் வெளுத்திருக்கிறது. என்ன சொல்வோம்? ‘மழை பெய்தது’ என்று சொல்லமாட்டோம், ‘மழை பெய்கிறது’ என்றும் சொல்லமாட்டோம். ‘மழை பெய்திருக்கிறது’ என்போம். மழை நின்றுவிட்டது, ஈரம் நிற்கிறது. ‘இட் ஹேஸ் ரெய்ன்ட்.’ இதைச் சொன்னதும் ஒரு பெண் சட்டென்று, ‘அப்போ யாரோ என் பேனாவை எடுத்திருக்காங்க என்றால் ஹேஸ் டேக்கன், இல்லையா டீச்சர்?’ என்று கேட்டாள். அவளுக்கு அதற்கு மேல் நான் ஒன்றும் விளக்கவில்லை. பாஸ்ட் பெர்ஃபெக்டுக்கு ரயிலை வைத்துச் சொல்வேன்: நான் ஸ்டேஷனுக்குப் போனபோது ரயில் கிளம்பியது என்றால் ஓடி ஏறியிருக்கலாம், ரயில் கிளம்பியிருந்தது என்றால் வெறும் தண்டவாளம்தான். ‘லெஃப்ட்’, ‘ஹேட் லெஃப்ட்’. இந்த வித்தியாசம் தெரியாத தமிழ்ப் பிள்ளை இருக்கிறதா?

அப்புறம் இந்த ‘டிட் நாட் வென்ட்’. திருத்தித் திருத்தி என் சிவப்பு மை தீர்ந்ததுதான் மிச்சம். ‘டிட் வந்தால் வி ஒன் போடு’ என்று விதியாகச் சொல்கிறோம், பிள்ளையும் பரீட்சையில் சரியாகப் போட்டுவிட்டுப் பேசும்போது மறுபடி ‘டிட் நாட் வென்ட்’ என்கிறது. ஒரு நாள் கேட்டேன், ‘போனேன்’ என்பதை இல்லை என்று மாற்றிச் சொல்லுங்கள் என்று. எல்லோரும் ‘போகவில்லை’ என்றார்கள். ஏன், ‘போனேன் இல்லை’ என்று சொல்லவில்லை? சிரித்தார்கள். ‘அப்படி யாராவது சொல்வாங்களா டீச்சர்?’ சொல்லமாட்டோம், ஏனென்றால் இல்லை என்ற சொல் வந்ததும் ‘போனேன்’ தன் காலத்தை இறக்கி வைத்துவிட்டு வெறும் ‘போக’ ஆகிவிடுகிறது. ஆங்கிலத்தில் ‘டிட்’ வந்ததும் காலத்தை அது வாங்கிக்கொள்கிறது, ‘வென்ட்’ வெறும் ‘கோ’ ஆகிவிடுகிறது. ‘டிட் நாட் வென்ட்’ என்பது ‘போனேன் இல்லை’ என்பது மாதிரியான தப்பு. அன்றைக்கு வந்த ஒன்பது பேரில் ஏழு பேர் அதற்குப் பிறகு என் முன்னால் அந்தத் தப்பைச் செய்யவில்லை. மற்ற இரண்டு பேரும் செய்கிறார்கள், ஆனால் செய்ததும் அவர்களே நாக்கைக் கடித்துக்கொண்டு திருத்திக்கொள்கிறார்கள்.

ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். நம் ‘போகவில்லை’ நேற்றைக்கும் பொருந்தும், இப்போதைக்கும் பொருந்தும். நேற்று நான் போகவில்லை, இப்போது நான் போகவில்லை. ஆங்கிலம் இதை ‘டிட் நாட் கோ’, ‘ஆம் நாட் கோயிங்’ என்று பிரித்துவிடும். வழக்கமாகப் போவதில்லை என்றால் ‘டோன்ட் கோ’. இந்த மூன்றையும் ஒரே இடத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் நல்லது. உங்கள் கட்டங்களில் எதிர்மறை வாக்கியமே ஒன்றுகூட இல்லை.

‘ஐ ஆம் நோயிங்’ என்று எழுதும் பிள்ளையிடமும் விதியைச் சொல்லவேண்டாம், தமிழில் சொல்லிப் பார்க்கச் சொன்னால் போதும். ‘எனக்குத் தெரிந்துகொண்டிருக்கிறது’ என்று யாரும் சொல்லமாட்டோம். தெரியும் என்போம். புரியும், பிடிக்கும், வேண்டும் எல்லாம் அப்படித்தான். நமக்கு எவை எவை ‘கொண்டிரு’ வாங்காதோ அவற்றில் பெரும்பாலானவை ஆங்கிலத்திலும் ‘இங்’ வாங்காது.

கோ வென்ட் கான், டேக் டுக் டேக்கன் என்று நூறு வரி ஒப்பிக்க வைப்பதைப் பற்றியும் சொல்லவேண்டும். மனப்பாடம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, இது மனப்பாடம் இல்லாமல் வராது. ஆனால் ‘ஆங்கிலம் ஒழுங்கே இல்லாத மொழி’ என்று பிள்ளைகள் பயப்படும்போது நம் வினைகளையும் ஒரு தடவை காட்டலாமே. வா என்பது வந்தான், வருகிறான் ஆகிறது. சா என்பது செத்தான் ஆகிறது. நில் நின்றான், கேள் கேட்டான், கல் கற்றான். ‘படி’ ஒன்றே ஒன்றுதான், பாடம் என்றால் படித்தான், தூசி என்றால் படிந்தது. இதை யாரும் நமக்குப் பட்டியல் போட்டுத் தரவில்லை, கேட்டுக் கேட்டு வந்தது. ஆங்கிலத்தின் ‘வென்ட்’ உண்மையில் ‘கோ’வுக்குப் பிறந்ததே இல்லை, வேறொரு பழைய வினையின் இறந்தகாலம், அந்த வினை பெரும்பாலும் வழக்கொழிந்துபோக இது மட்டும் ‘கோ’ வீட்டில் தங்கிவிட்டது. இப்படிச் சொன்னால் அந்தச் சொல் ஒரு ஆள் மாதிரி மனதில் நிற்கிறது.

‘ஹி கோஸ்’ என்பதில் வரும் அந்த ‘ஸ்’ஸை விட்டுவிடுவதற்கு அடி வாங்கிய தலைமுறை எங்களுடையது. போகிறேன், போகிறாய், போகிறான், போகிறாள், போகிறார், போகிறது, போகிறோம், போகிறீர்கள், போகிறார்கள், போகின்றன. இத்தனை விகுதியைத் தப்பில்லாமல் போடுகிற நாக்குக்கு ஒரு ‘ஸ்’ பெரிதில்லை. ‘ஆங்கில வினைக்கு ஆளைக் காட்டும் விகுதி பெரும்பாலும் கிடையாது, இந்த ஒரு இடத்தில் மட்டும் மிச்சம் இருக்கிறது, அவன் அவள் அது மூன்றுக்கும் ஒரே விகுதி’ என்று சொன்னால் பிள்ளைகளே ஆச்சரியப்படுகிறார்கள்.

தமிழ் எல்லா இடத்திலும் கைகொடுக்கும் என்று நான் சொன்னால் அது பொய். கைகொடுக்காத இடங்களை ஒளிக்காமல் சொல்லவேண்டும். முக்கியமானது ‘ஐந்து வருஷமாக இங்கே வேலை செய்கிறேன்’ என்பது. நமக்கு நிகழ்காலம் போதும். அதனால்தான் படித்து உத்தியோகத்தில் இருப்பவர்கள்கூட ‘ஐ ஆம் ஒர்க்கிங் ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்’ என்கிறார்கள். ஆங்கிலத்தில் அது ‘ஐ ஹேவ் பீன் ஒர்க்கிங் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்’. ‘ஹேவ் பீன்’ என்பதை இங்கே தனியாகக் கற்றுத்தான் ஆகவேண்டும், தமிழில் அதற்கு நேர் வடிவம் தேடக்கூடாது. ஆனால் ‘சின்ஸ்’ஸா ‘ஃபார்’ஆ என்ற குழப்பத்துக்குத் தமிழே விடை சொல்லும். 2019-லிருந்து என்றால் சின்ஸ். ஐந்து வருஷமாக என்றால் ஃபார். இந்த மாதிரி வாக்கியத்தில் ‘லிருந்து’ வந்தால் சின்ஸ், ‘ஆக’ வந்தால் ஃபார்.

இன்னொன்று. ‘நேற்று ராத்திரி மழை பெய்திருக்கிறது’ என்று நாம் தாராளமாகச் சொல்வோம். ஆங்கிலத்தில் நேற்று என்று நேரத்தைக் குறித்துவிட்டால் ‘ஹேஸ்’ வரக்கூடாது, ‘இட் ரெய்ன்ட் லாஸ்ட் நைட்’தான். ‘ஐ ஹேவ் சீன் ஹிம் எஸ்டர்டே’ என்று நாம் எழுதுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அதேபோல ‘இவர் என் மாமா’ என்பதில் நமக்கு வினையே கிடையாது, ஆங்கிலத்தில் ‘இஸ்’ இல்லாமல் வாக்கியம் நிற்காது. அதைப் போடு போடு என்று அடித்துச் சொல்வதால் பிள்ளைகள் தேவையில்லாத இடத்திலும் ‘ஐ ஆம் அக்ரீ’ என்று போட்டுவிடுகிறார்கள். ‘நான் ஒத்துக்கொள்கிறேன்’ என்பதில் வினை ஏற்கெனவே இருக்கிறது, அங்கே எதற்கு ‘ஆம்’?

டென்ஸ் பன்னிரண்டு என்ற எண்ணிக்கையே அவ்வளவு முக்கியமா என்றும் யோசியுங்கள். ஆங்கிலத்தில் வினைச்சொல்லே உருமாறிக் காட்டும் காலம் நிகழ்காலம், இறந்தகாலம் இரண்டுதான் என்று மொழியியல் படித்தவர்கள் பலர் சொல்கிறார்கள். எதிர்காலத்துக்கு ‘வில்’ என்ற துணைச்சொல்லைக் கூட வைத்துக்கொள்கிறார்கள், அந்த ‘வில்’லுக்கும் பழைய ஆங்கிலத்தில் ‘விரும்பு’ என்றுதான் பொருள். நாளைக்கு மதுரை போகிறேன் என்று நாம் நிகழ்காலத்தில் சொல்வது போலவே அவர்களும் ‘ஐ ஆம் கோயிங் டு மதுரை டுமாரோ’ என்கிறார்கள். கட்டத்துக்குள் பார்த்தால் அது பிரசென்ட் கன்டினியூவஸ், பேசுவதோ நாளையைப் பற்றி. கட்டத்தை மட்டும் படித்த பிள்ளை இங்கே திகைத்து நிற்கிறது.

ஆங்கில வகுப்பில் தமிழ் வாயைத் திறந்தால் அபராதம் போடுகிற பள்ளிக்கூடம் உண்டு. என்னிடம் வரும் ஒரு பிள்ளையின் வகுப்பில் ஒரு தமிழ் வார்த்தைக்கு ஐந்து ரூபாய். தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் பேசினால் பேச்சு வேகமாக வராது என்று அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. நான் வாக்கியத்துக்கு வாக்கியம் மொழிபெயர்க்கச் சொல்லவில்லை. பேசிப் பழகும் நேரத்தில் ஆங்கிலத்திலேயே பேசட்டும், எங்கள் திண்ணையிலும் கடைசி அரைமணி நேரம் அப்படித்தான். இலக்கணத்தைப் புரியவைக்கும் அந்தப் பத்து நிமிஷத்துக்காவது பிள்ளைக்கு நன்றாகத் தெரிந்த மொழியை வெளியே நிறுத்தாதீர்கள் என்கிறேன். வெளியே நிறுத்தினாலும் அது பிள்ளையின் தலைக்குள்ளே ஓடிக்கொண்டுதான் இருக்கும், ‘ஐ வில் ஹெல்ப் மை மதர்’ என்று வந்துகொண்டுதான் இருக்கும்.

உங்களிடம் கேட்பது இதுதான். அடுத்த வாரம் அந்த முதல் கட்டத்தைத் திருத்திப் போடுங்கள். ‘ஐ கோ’ என்பதற்குக் கீழே ‘நான் (வழக்கமாக) போவேன்’ என்றும், ‘ஐ ஆம் கோயிங்’ என்பதற்குக் கீழே ‘போய்க்கொண்டிருக்கிறேன், போகிறேன்’ என்று இரண்டையும் கொடுங்கள். தனி வாக்கியமாக ஐ கோ, யூ கோ என்று போடாமல், யார் எப்போது அப்படிச் சொல்வார்கள் என்று தெரிகிற மாதிரி முழு வாக்கியமாகப் போடுங்கள். எதிர்மறைக்கும் கேள்விக்கும் ஒரு வாரம் முழுதாக ஒதுக்குங்கள். தமிழும் ஆங்கிலமும் பிரிந்து போகிற இடங்களுக்குத் தனியாக ஒரு வாரம். என் பிள்ளைகள் இரண்டு வருஷமாகச் சேர்த்துவைத்த தப்புகளின் நோட்டு ஒன்று இருக்கிறது, ஒவ்வொரு தப்புக்கும் பக்கத்தில் அது எந்தத் தமிழ் வாக்கியத்திலிருந்து வந்தது என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். தேவைப்பட்டால் நகல் எடுத்து அனுப்புகிறேன், எந்தப் பணமும் வேண்டாம்.

அந்த நர்சிங் பெண்ணுக்கு அடுத்த மாதம் இன்னொரு நேர்காணல் இருக்கிறது. அதற்குள் திருத்தம் வந்தால் அவள் நோட்டில் பழைய கட்டத்தின் மேலேயே ஒட்டிக்கொள்வாள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
கோவில்பட்டி.